சோதனைச்சாலையிலிருந்து சமையற்கட்டுக்கு: நாகமலைப் பக்கம் மாலை நேர டிபன் கடை சரிப்படுமா?

நொதிக்காரி எழுதியது:
உயிர்வேதியியலில் பிஎச்.டி. நாலாவது வருசம். எஸ்.ஆர்.எப். (மூத்த ஆய்வாளர்) உதவித்தொகை மாசம் 42,000, அதோட வீட்டு வாடகைப்படி. சமையல்தான் இனி வேலைன்னு முடிவு பண்ணியாச்சு, அதனால "யோசிச்சுப் பாருங்க"ங்கிற பதில் வேண்டாம். மதுரையில நாகமலை புதுக்கோட்டை அல்லது காளவாசல் பக்கம் சாயங்காலம் அஞ்சு மணியிலிருந்து பத்தரை வரைக்கும் இட்லி, தோசை, புரோட்டா, சால்னா. எனக்கு வேண்டியது நாலு விஷயம். ஆய்வேட்டை முடிச்சுட்டு வெளிய வரணுமா, இப்பவேவா? தினம் எவ்வளவு ஓடினால் இப்ப வர்ற பணம் கையில் நிக்கும்? மாவை ஐந்நூறு இட்லி அளவுக்கு ஏத்தும்போது என்ன மாறும்? மிஞ்சின சால்னாவை என்ன செய்யறது? வீட்டு அளவு ருசிக்குக் குறிப்பு எனக்கே இருக்கு, கடை அளவுதான் தெரியணும்.

காளவாசல் கணக்கு எழுதியது:
பணத்தை முதல்ல பேசிருவோம். கீழே உள்ள தொகையெல்லாம் கணக்குக்காகப் போட்டது, உங்க தெருவில் விசாரிச்ச எண்ணை மாத்திப் போட்டுக்கோங்க. வழிமுறை மாறாது.

மாசம் 26 நாள் கடைன்னு வைங்க. வாடகை 13,000, நாளுக்கு 500. புரோட்டா மாஸ்டர் 1,100. தோசை மாஸ்டர் 900. சப்ளையர் ஒருத்தர், கிளீனர் ஒருத்தர், ஆளுக்கு 600. கேஸ் 700. கரண்டு, தண்ணி 200. ஆக 4,600. இது ஒரு இட்லி விக்கலேன்னாலும் போற காசு. கேஸ் வியாபாரத்தோட ஏறி இறங்கும்தான், ஆனா கல்லு சூடாகிக் கிடக்கறதுக்கே பாதி போயிரும், அதனால இதுலயே சேர்த்துட்டேன்.

அடுத்தது சரக்கு. அரிசி, உளுந்து, மைதா, எண்ணெய், தேங்காய், கறி, இலை, பார்சல் எல்லாம் சேர்ந்து விற்பனையில் நூத்துக்கு 42-ன்னு வைங்க. நூறு ரூபாய்க்கு வித்தா 58 நிக்கும். 4,600-ஐ 0.58-ஆல வகுத்தா 7,930. இதுவரைக்கும் உங்களுக்கு ஒரு பைசா இல்லை. உங்க 42,000-ஐ 26-ஆல வகுத்தா 1,615, அதை 1,600-ன்னு எடுத்துக்கிட்டா 6,200 வகுத்தல் 0.58, அதாவது 10,690 ரூபாய் தினம். ஆளுக்கு சராசரி பில் 70-ன்னா 153 பேர்.

இங்கதான் நிறையப் பேர் கணக்கை மூடிர்றாங்க. வருசத்துக்கு இது 33 லட்சம் தாண்டுது, அப்ப ஜி.எஸ்.டி.யோட 20 லட்ச வரம்பைத் தாண்டியாச்சு. ஓட்டலுக்கு 5 சதவீதம், உள்ளீட்டு வரி, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டின வரி, திரும்பக் கிடையாது. காம்போசிஷன்ல (சின்ன வியாபாரத்துக்கான எளிய வரித் திட்டம்) போனாலும் அதே 5 சதவீதம்தான், ஆனா வாடிக்கையாளர்கிட்ட வாங்க முடியாது, உங்க கையிலிருந்து போகும். அந்த 58 அப்ப 53 ஆயிரும், திருப்பி வகுத்துப் பாருங்க: 11,700. ஆள் கணக்கு 153-லிருந்து 167-க்கு ஏறிருச்சு.

செயலி வழியா பார்சல் போனா அவங்க எடுக்கற கமிஷன் தனி. அந்த ஆர்டருக்கு விலையை ஏத்தாம விக்கறதுன்னா சும்மா உழைக்கிறதுதான்.

ஆய்வேடு பைண்டிங் எழுதியது:
முதல் கேள்விக்கு. மேடம், நாலாவது வருசத்துல விட்டுட்டு வர்றது தேவையில்லாத நஷ்டம். யு.ஜி.சி.யோட 2022 விதிமுறைப்படி பிஎச்.டி.க்கு சேர்ந்த நாள்லேர்ந்து அதிகபட்சம் ஆறு வருசம், மறுபதிவு பண்ணினா இன்னும் ரெண்டு. பெண்களுக்கு அதுக்கு மேல ரெண்டு வருசம் தளர்வு இருக்கு, மொத்தம் பத்தைத் தாண்டக்கூடாது. அதனால நேரம் உங்க பக்கம் இருக்கு. சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுத்துட்டா ஆய்வக வேலை முடிஞ்ச மாதிரி, எழுத்து வேலையை எங்க உட்கார்ந்தும் செய்யலாம்.

செய்யக்கூடாதது ஒண்ணு. உதவித்தொகை வாங்கிக்கிட்டே கடையை நடத்தறது. ஜே.ஆர்.எப். (இளநிலை ஆய்வாளர்), எஸ்.ஆர்.எப். ரெண்டும் முழுநேர ஆய்வுக்குக் கொடுக்கறது, வேற சம்பாத்தியம் கூடாதுங்கறது நிபந்தனை. வீட்டார் பேர்ல உரிமம் எடுத்துட்டு கல்லாவில நீங்க உட்கார்றதும் அதே வகைதான். சனி, ஞாயிறு யார் சமையற்கட்டிலாவது காசு வாங்காம கத்துக்கறதுல சிக்கல் இல்லை.

வெளிய வரும்போது நெறியாளர் வழியா ராஜினாமா, கன்டிஜென்சி (ஆய்வுச் செலவுத் தொகை) கணக்கு, நூலகம், ஸ்டோர், ஹாஸ்டல் எல்லாத்துலயும் நிலுவையில்லாச் சான்று. குளிர்பெட்டியில இருக்கற மாதிரிகளுக்குப் பெட்டி வாரியா பட்டியல், நோட்டுப் புத்தகம் ஒப்படைச்சதுக்கு ஒரு கையெழுத்து. ரெண்டு வருசம் கழிச்சுச் சான்றிதழுக்காக வந்து நிக்கும்போது இதுதான் பேசும்.

இன்னொண்ணு, கடை சரிவரலேன்னா வழி அடைஞ்சு போயிடாது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கான தகுதிப் பட்டியல்ல உயிர்வேதியியல் பட்டமும் இருக்கு. தஞ்சாவூர் நிப்டெம், மைசூர் சி.எப்.டி.ஆர்.ஐ. ரெண்டு உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துலயும் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கும்.

நிக்கலஸ் குர்ட்டினு ஆக்ஸ்போர்டு இயற்பியலாளர், 1969-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல சமையலறை இயற்பியல் பத்தி உரை நிகழ்த்தினார். பிறகு பிரெஞ்சு வேதியியலாளர் எர்வே தீஸோட சேர்ந்து அதை ஒரு துறையாவே ஆக்கினார். ரெண்டு பேரும் அறிவியலை விடல.

திருநகர் தேக்ஸா எழுதியது:
அது சரிங்க, குர்ட்டி புரோட்டாக் கடை போடலையே.

நம்ம கணக்கு அண்ணன் 153 பேர்னு சொல்லிட்டுப் போயிட்டார். அவங்க எப்ப வருவாங்கன்னு பார்க்கணும். நாகமலைப் பக்கம் ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவுல பத்துல ஆறு பேர் வந்துருவாங்க. 92 பேர், ரெண்டு மணி நேரம். இருபது நாற்காலி, ஆளுக்கு இருபது நிமிசம்னா மணிக்கு 60 பேர் உட்காரலாம், இடம் தாராளம். கல்லு பத்துமா?

மூணுக்கு ரெண்டடிக் கல்லுல ஒரு ஈடுக்கு ஆறு தோசை, நாலு நிமிசம். மணிக்கு 90. அதே கல்லுல புரோட்டா பத்து போட்டா அஞ்சு நிமிசம், மணிக்கு 110 வரும், 120-ன்னு பேசுறவங்க கல்லைத் தொட்டவங்க இல்லை. 92 பேர்ல பாதிப் பேர் மூணு புரோட்டா, பாதிப் பேர் ரெண்டு தோசைன்னா 138 புரோட்டா, 92 தோசை. ஒரே கல்லுல செஞ்சா ரெண்டேகால் மணி நேரத்துக்கு மேல ஆகும். அதுவும் கல்லைச் சும்மா விடாம, நடுவுல ஒரு ஆம்லெட் கூடக் கேக்காம இருந்தா. மதுரையில ஆம்லெட், கறிதோசை கேக்காம போற ஆள் எத்தனை பேர்?

ஆகவே ரெண்டு கல்லு. இன்னொரு காரணமும் இருக்கு. புரோட்டாவுக்குக் கல்லு ஒரே சூட்டுல நிதானமா எரியணும், எண்ணெய் தேங்கி நிக்கணும். தோசைக்கு எண்ணெய் இருந்தா மாவு வழுக்கிட்டு ஓடும், தண்ணி தெளிச்சுத் துடைச்சாத்தான் பரவும். ஒருத்தன் எண்ணெய் ஊத்த, இன்னொருத்தன் துடைக்க, ரெண்டு மாஸ்டருக்கும் முதல் வாரமே சண்டை.

ஆய்வகத்துல இருந்து வர்றவங்களுக்கு எடை போடுற பழக்கம், எழுதி வைக்கிற பழக்கம் இருக்கும். அது பெரிய சொத்து, எந்த மாஸ்டர்கிட்டயும் கிடையாது. இல்லாதது வேகமும் நிக்கிற காலும். முன்னூறாவது தோசையும் முதல் தோசை மாதிரி வரணும், அதுவும் கூட்டம் கத்திக்கிட்டு இருக்கும்போது. இதைக் கடைக்கு வெளிய கத்துக்க முடியாதும்மா. கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுக்கறவங்ககிட்ட வைகாசி, ஆவணி முகூர்த்தத்துல போய் நில்லுங்க, வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. ஆடி, மார்கழியில போனா கத்துக்க வேலையே இருக்காது.

ஒத்தக்கடை மாவு எழுதியது:
தங்கச்சி, மாவுக்கு நான் சொல்றேன்.

ஐந்நூறு இட்லிக்கு இட்லி அரிசி 10 கிலோ, தோல் நீக்கின முழு உளுந்து இரண்டரைக் கிலோ, வெந்தயம் 50 கிராம். அரைச்சு முடிச்சா 28-லிருந்து 30 கிலோ மாவு வரும். இட்லிக்கு 55 கிராம் போட்டா ஐந்நூறு தாராளமா தாண்டும், குழியில ஒட்டுறது, சிந்துறது போக மிச்சம் தோசைக்கு.

அரிசி நாலஞ்சு மணி நேரம் ஊறட்டும். உளுந்து ஒரு மணியிலிருந்து ஒண்ணரைக்குள்ள எடுத்துரணும். ராத்திரி பூரா ஊறப் போட்டா பசை தண்ணியோட போயிரும், பொங்காது. ஊறின உளுந்துக்குக் கிலோவுக்கு ஒண்ணரை லிட்டர் வரைக்கும் சில்லுத்தண்ணி, ஒரே தடவையா ஊத்தாம கை கையா தெளிச்சு ஆட்டணும். கிரைண்டர்ல முப்பது, நாப்பது நிமிசம். ஒரு சொட்டு எடுத்துக் குவளைத் தண்ணியில விட்டா மிதக்கணும். முங்கினா இன்னும் ஆட்டணும். அரிசியைச் சன்ன ரவைப் பதத்துல நிறுத்திருங்க. மையா அரைச்சா இட்லி களி மாதிரி பல்லுல ஒட்டும். உப்பு 200 கிராம்ல ஆரம்பிச்சு உங்க நாக்குக்குக் கூட்டிக்கோங்க.

சித்திரை, வைகாசியில குழாய்த் தண்ணியே வெந்நீர் மாதிரி வரும், கல்லு உரசுற சூடு வேற. உளுந்து மாவு கையில தொட்டா வெதுவெதுன்னு இருந்துச்சுன்னா அன்னைக்கு மாவு சீக்கிரம் புளிச்சிரும், ஆனா பொங்காது. ஐஸ் தண்ணி வைங்க.

அளவு பெருசாகும்போது எல்லாரும் சறுக்குற இடம், முப்பது கிலோவையும் ஒரே அண்டாவுல கொட்டுறது. புளிக்கும்போது மாவு தானே சூடாகும். சின்னப் பாத்திரத்துல அந்தச் சூடு சுத்தி வெளிய போயிரும், அண்டாவுல நடு மாவு சூட்டுல தவிக்கும். மேல பார்த்தா அரைகுறை, நடுவுல பார்த்தா புளிப்பு. பதினஞ்சு லிட்டர் குண்டான்ல பாதிக்குக் கொஞ்சம் மேல மட்டும் ஊத்துங்க, அதுக்கு மேல வேண்டாம். நல்ல வெயில் காலத்துல அஞ்சாறு மணி நேரம், மார்கழியில பத்து, பன்னெண்டு மணி நேரம்.

நொதிக்காரி எழுதியது:
நேரத்துக்குப் பதிலா பி.எச். (அமில அளவு) வச்சு நிறுத்தலாமா? மாவு புளிக்க லியூகோனாஸ்டாக் மெசன்டிராய்டீஸ்ங்கிற பாக்டீரியா முதல்ல வேலை செய்யும்னு படிச்சிருக்கேன். தனியா வளர்த்து அளவா சேர்த்தா தினமும் ஒரே மாதிரி வருமில்லையா?

ஒத்தக்கடை மாவு எழுதியது:
பேரு எனக்குத் தெரியாது, வேலை தெரியும். தனியாச் சேர்க்க வேண்டாம்மா, உளுந்துலயே இருக்கு. மழைக்காலத்துல மட்டும் முந்தின நாள் நல்ல மாவு நூத்துக்கு மூணு பங்கு கலந்துக்கோங்க. பி.எச். பத்தித் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

கல்பாசி எழுதியது:
அரைச்ச மாவோட பி.எச். 6-க்குப் பக்கத்துல இருக்கும். 4.6-லிருந்து 4.3-க்குள்ள இட்லிக்குச் சரியான இடம். அதுக்குக் கீழ இறங்கினா ஊத்தப்பம், பணியாரத்துக்குத் தள்ளிருங்க. ஒண்ணுலேர்ந்து பதினாலு வரைக்கும் காட்டுற பட்டை உதவாது, 3.8-க்கும் 5.5-க்கும் நடுவுல காட்டுற குறுகிய பட்டை வாங்குங்க. 4.6 வந்ததுமே குளிர்பெட்டிக்கு அனுப்பிருங்க, ஏன்னா பெட்டிக்குள்ள போனதும் நின்னுராது, மாவு குளிர்றதுக்கே மணிக்கணக்காகும். அஞ்சு லிட்டர் டப்பாவுல பிரிச்சு வச்சா சீக்கிரம் அடங்கும்.

கேக்காம ஒண்ணு சொல்றேன். பழைய ஆய்வகத்துலேர்ந்து எதையும் சமையற்கட்டுக்குக் கொண்டுவராதீங்க. பீக்கர், பாதரச வெப்பமானி, சிட்ரிக் அமிலப் பாட்டில், கல்ச்சர் (நுண்ணுயிர் வளர்ப்பு) குழாய், எதுவும். பாட்டில்ல "சுத்தம் 99.5 சதவீதம்"னு போட்டிருந்தாலும் மீதி அரை சதவீதம் என்னன்னு உணவுத் தரக் கணக்குல யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. இதெல்லாம் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தா விளக்கவே முடியாத பொருள். உணவுக்கான டிஜிட்டல் குச்சி வெப்பமானி ஒண்ணு, பத்து கிராம் வித்தியாசம் காட்டுற தராசு ஒண்ணு, மசாலாவுக்கு ஒரு கிராம் தராசு ஒண்ணு. கருவி அம்புட்டுத்தான்.

சால்னாவுக்கு வர்றேன். பத்து லிட்டருக்கு: பெரிய வெங்காயம் ஒண்ணரைக் கிலோ, தக்காளி 1.2 கிலோ, இஞ்சி பூண்டு விழுது 200 கிராம், எண்ணெய் 400 மில்லி, தேங்காய் ரெண்டு, பொட்டுக்கடலை 100 கிராம், கசகசா 50, சோம்பு 40 (பாதி தாளிக்க, பாதி அரைக்க), பட்டை 15, கிராம்பு 8, ஏலம் 8, அன்னாசிப்பூ 5, கல்பாசி 5, மல்லித்தூள் 150, வத்தல்தூள் 80, மஞ்சள் 15, கோழிக் கழுத்து, எலும்பு ரெண்டு கிலோ, உப்பு 110-லிருந்து 120 கிராம். கல்பாசியை எண்ணெய்ல போட்டுக் கருக விட்டா மொத்தச் சால்னாவும் கசக்கும், அதை வெங்காயத்துக்கு ஒரு நிமிசம் முன்னாடி போட்டாப் போதும்.

வெங்காயம் பழுப்பாகற வரைக்கும் பொறுமை. தக்காளி எண்ணெய் விடணும். பொடிகளைப் போட்டதும் ஒரு கரண்டித் தண்ணி, இல்லேன்னா அடியில பிடிக்கும். எலும்பும் தண்ணியும் போட்டு முக்கால் மணி நேரம். தேங்காய் விழுது கடைசி பத்து நிமிசத்துல, தளதளன்னு கொதிக்க விடாம. முன்னாடியே போட்டுக் கொதிக்க விட்டா திரிஞ்சு போய் மேல எண்ணெய், கீழ தண்ணின்னு பிரியும்.

வீட்டுக் குறிப்பைப் பத்தால பெருக்கினா என்ன ஆகும்னா, தண்ணி கூடிப்போகும். ஆவி மேற்பரப்புல இருந்துதான் போகுது. பாத்திரம் பத்து மடங்கு கொள்ளும்போது வாய் பத்து மடங்கு அகலமாறதில்லை. அதனால தண்ணியை ஏழு மடங்குல நிறுத்திட்டு அப்புறம் ஊத்துங்க. வத்தல்தூளும் அப்படித்தான், எட்டு மடங்கு போட்டு ருசி பார்த்துட்டு மீதி.

சிம்மக்கல் எழுதியது:
எல்லாம் சரி. பேர் போன பழைய கடைகள்ல முந்தின நாள் சால்னாவுல கொஞ்சம் எடுத்து அடுத்த நாளுக்கு ஊத்துவாங்கன்னு சொல்வாங்களே, அந்த ருசியே அதுலதான். நல்லா கொதிக்க வச்சா என்ன ஆயிடப் போகுது?

கல்பாசி எழுதியது:
கொதிக்க வச்சா சாகாததும் இருக்கு, அதுதான் சிக்கல். கறி, எலும்புச் சாறுல கிளாஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ், சோத்துல பேசில்லஸ் சீரியஸ்னு ரெண்டு பாக்டீரியா. ரெண்டுமே வித்து வடிவத்துல கொதியைத் தாங்கும். சால்னா ஆறும்போது கிட்டத்தட்ட 50 டிகிரிக்குக் கீழ வந்ததும் முளைச்சுப் பெருகும். காத்து படாத ஆழமான பாத்திரம் பெர்பிரிஞ்சன்ஸுக்கு இன்னும் வசதி. மறுநாள் முழுசா கொதிக்க வச்சா அப்படி முளைச்ச பெர்பிரிஞ்சன்ஸ் செத்துரும். ஆனா கடையில யாரும் முழுசா கொதிக்க வைக்கிறதில்லை, ஓரம் கொதிச்சதும் கரண்டி போட்ருவாங்க. பேசில்லஸ் சீரியஸ் சோத்துல விட்டுட்டுப் போற வாந்தி நஞ்சோ எத்தனை கொதி வந்தாலும் அழியாது.

விதி இதுதான்: சூடா வைக்கிறது 60 டிகிரிக்கு மேல. ஆற வைக்கிறதா இருந்தா 60-லிருந்து 21-க்கு ரெண்டு மணி நேரத்துல, அங்கேர்ந்து 5-க்கு அடுத்த நாலு மணி நேரத்துல. இப்ப மதுரையை நினைச்சுப் பாருங்க. மே மாசம் ராத்திரி பதினொரு மணிக்குச் சமையற்கட்டு 32 டிகிரி. வெளிய வச்சு விடிய விடிய ஆற விட்டாலும் 21 வராது, கணக்குப்படியே வர முடியாது.

ஐஸ் வச்சு ஆத்தலாமான்னா, அதையும் போட்டுப் பார்ப்போம். இருபது லிட்டர், 39 டிகிரி இறங்கணும். 20 பெருக்கல் 4.2 பெருக்கல் 39, சுமார் 3,280 கிலோஜூல். ஐஸ் கிலோவுக்கு உருகறதுக்கு 334, உருகின தண்ணி 21 டிகிரிக்கு ஏற இன்னொரு 88, மொத்தம் 422. ஏறக்குறைய 8 கிலோ ஐஸ். பாத்திரத்தோட சூடு, காத்துல போறது எல்லாம் சேர்த்தா பன்னெண்டு, பதினஞ்சு கிலோ தினமும், கூடவே ஒருத்தர் கிளறிக்கிட்டு நிக்கணும். கடை சாத்துற நேரத்துல இதை யார் செய்வா?

அதனால மிச்சச் சால்னாவைக் கொட்டிருங்க. மிச்சமே வராம இருக்க, வெங்காயம் தக்காளி மசாலாவைத் தேங்காயும் தண்ணியும் இல்லாம கெட்டியா வதக்கி, அகலத் தட்டுல ரெண்டு விரல்கடை கனத்துக்குப் பரப்பி ஆத்தி, கிலோ கிலோவா உறைய வைங்க. அந்தக் கனத்துல மசாலா சட்டுனு ஆறும். எட்டு மணிக்குக் கூட்டத்தைப் பார்த்துட்டு, எலும்புச் சாறு கொதிச்சுக்கிட்டு இருக்கறதுல ரெண்டு கிலோ மசாலா, ஒரு தேங்காய் விழுது. இருபது நிமிசத்துல அஞ்சு லிட்டர் புதுச் சால்னா. சிம்மக்கல் அண்ணன் சொல்ற அந்த ஊறின ருசியும் வதக்கின மசாலாவுல பாதி வந்துரும். முழுசா வராது, அதை ஒத்துக்கறேன்.

சிம்மக்கல் எழுதியது:
பாதிதானே வருது. போகட்டும், ஆஸ்பத்திரிச் செலவுக்கு இது தேவலை.

புரட்டாசி மாசத்துக்கும் யோசிச்சு வைங்க. அப்பறம் கார்த்திகையில மாலை போட்டுருவாங்க. எலும்பு போடாத சால்னா ஒரு அண்டா தனியா வேணும், கரண்டியும் தனி. கரண்டி மாறினதைப் பார்த்தா மறுபடி வர மாட்டாங்க.

நொதிக்காரி எழுதியது:
மசாலா யோசனை அருமை. புரோட்டா நானே கத்துக்கணுமா, மாஸ்டரை நம்பலாமா?

திருநகர் தேக்ஸா எழுதியது:
வீசக் கத்துக்கறது உங்க இஷ்டம், பிசையக் கத்துக்கறது கட்டாயம். மாஸ்டர் முன்பணம் வாங்கிட்டு ஊர்த் திருவிழாவுக்குப் போயிட்டா திரும்பற தேதி அவருக்கே தெரியாது. அன்னைக்கு மாவாவது பிசைஞ்சு வச்சா யாராவது வீசிக் கொடுப்பாங்க.

அஞ்சு கிலோ மைதாவுக்கு உப்பு 90 கிராம், சீனி 100, எண்ணெய் கால் லிட்டர், தண்ணி 2.75 லிட்டர். எட்டுக் கிலோவுக்கு மேல மாவு வரும், 90 கிராம் உருண்டை தொண்ணூறு. உங்க நெருக்கடி நேரத்துக்கு 138 வேணும்னா ரெண்டு பிசைவு. பன்னெண்டு, பதினஞ்சு நிமிசம் அடிச்சுப் பிசைஞ்சு ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம். உருண்டை பிடிச்சு எண்ணெய் தடவி இன்னொரு மணி நேரம். வீசி, மடிச்சு, சுத்தி வச்சது கால் மணி நேரம் இருக்கணும். அப்புறம் தட்டி கல்லுல.

வீசும்போது கிழிஞ்சா ஊறல் போதல, இல்லேன்னா மைதா மட்டம். மூட்டை மாறினா தண்ணியும் மாறும், புது மூட்டையில முதல்ல ஒரு கிலோ பிசைஞ்சு பார்த்துட்டு அளவு வைங்க. ரப்பர் மாதிரி இழுத்தா தண்ணி குறைவு. வெளுத்துக் கிடந்தா சீனி குறைவு இல்லேன்னா கல்லு சூடு பத்தல. அடுக்கு ஒட்டிப்போனா சுத்தறதுக்கு முன்னாடி எண்ணெய் தடவுறதுல கஞ்சத்தனம். வெந்ததும் நாலஞ்சை அடுக்கிப் பக்கவாட்டுல அடிக்கிறது அலங்காரமில்லை, சூட்டோட அடிச்சாத்தான் அடுக்கு பிரியும்.

என்னைக் கேட்டா முதல் ஆறு மாசம் புரோட்டாவே போடாதீங்க. இட்லி, கல்தோசை, முட்டைதோசை, கறிதோசை. ஒரு மாஸ்டர் கூலி 1,100 மிச்சம்.

காளவாசல் கணக்கு எழுதியது:
தேக்ஸா அண்ணே, அதுல எனக்கு ஒப்புதல் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு வர்ற நாலு பேர்ல ஒருத்தர் புரோட்டா கேப்பார், இல்லேன்னா நாலு பேரையும் கூட்டிக்கிட்டு எதுத்த கடைக்குப் போயிருவார். 1,100 மிச்சம்னா அந்த ரெண்டாவது மாஸ்டரைக் கழிச்சு 5,100 வகுத்தல் 0.58, அதாவது 8,790. ஆளுக்கு எழுபதுன்னா 126 பேர். புரோட்டா இல்லாம 126 பேர் வருவாங்களான்னு பாருங்க, அதுதான் கேள்வி.

திருநகர் தேக்ஸா எழுதியது:
எங்க கடைங்கறதைப் பொறுத்தது. பல்கலைக்கழகத்துப் பக்கம்னா புரோட்டா வேணும், பிள்ளைங்க அதுக்குத்தான் வருவாங்க. குடியிருப்புத் தெருன்னா இட்லி பார்சலே ஓடும்.

வைகைத்தண்ணி எழுதியது:
ஒரு சின்ன விஷயம். கடை பேசி முடிக்கறதுக்கு முன்னாடி அந்த போர் தண்ணியில ஒரு கைப்பிடி துவரம்பருப்பை வேக வச்சுப் பாருங்க. மதுரையைச் சுத்தி நிறைய இடத்துல உப்புத்தண்ணி. சுண்ணாம்பும் மெக்னீசியமும் பருப்போட பெக்டினை (செல்களை ஒட்டி வச்சிருக்கிற பசை) பிடிச்சு இறுக்கிரும், குக்கர் எத்தனை விசில் அடிச்சாலும் பருப்பு முழிச்சுக்கிட்டுக் கிடக்கும். சோடா உப்பு போட்டா வேகும், சாம்பார்ல சோப்பு வாடை வரும், தயமின் சத்தும் போயிரும். நல்ல தண்ணிக்கு மாசம் எவ்வளவு ஆகும்னு வாடகையோட சேர்த்துப் பேசுங்க.

கல்பாசி எழுதியது:
உரிமம் பத்தி யாரும் சொல்லல. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிகள்ல வருச விற்பனை 12 லட்சம் வரைக்கும் பதிவு, அதுக்கு மேல உரிமம்னு இருந்துச்சு.  வரம்பை அவ்வப்போது திருத்துவாங்க, கணக்கு அண்ணன் போட்ட 33 லட்சத்துக்குப் பதிவா, உரிமமான்னு விண்ணப்பிக்கிற அன்னைக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட போஸ்காஸ் தளத்துல பார்த்துக்கோங்க. சமையற்கட்டு வரைபடம், தண்ணிப் பரிசோதனை அறிக்கை, வேலையாட்களுக்கு வருசம் ஒரு தடவை மருத்துவச் சான்று, இதெல்லாம் தயாரா இருக்கணும். மாநகராட்சி தொழில் உரிமம் தனி.

வடை, போண்டா போட்டா எண்ணெயோட மொத்தப் போலார் சேர்மம் (எண்ணெய் கெடக் கெடக் கூடுறது) 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 2018 ஜூலையிலேர்ந்து இதுதான் விதி. முதல் கொஞ்ச நாள் சோதனைப் பட்டை வச்சு எத்தனை ஈட்டுக்கு அந்த அளவு வருதுன்னு குறிச்சு வச்சுக்கிட்டா, அப்புறம் ஈட்டை எண்ணினாலே போதும். நுரை அடங்காம நின்னாலே மாத்திரணும்.

பார்சலுக்கு பாலித்தீன் பை கிடையாது, தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லேர்ந்து தடை. பிளாஸ்டிக் பூசின தட்டு, குவளையும் அந்தப் பட்டியல்ல இருக்கு. சால்னாவுக்கு அலுமினிய டப்பா, அந்தச் செலவு நூத்துக்கு 42-ல வந்திருக்கான்னு பார்த்துக்கோங்க. தூக்குச்சட்டி கொண்டு வந்தா அஞ்சு ரூபாய் குறைவுன்னு பலகை வச்சா நாகமலைக்கு ஓடும்.

நொதிக்காரி எழுதியது:
எல்லாருக்கும் நன்றி. சினாப்சிஸ் கொடுத்துட்டு, ஆவணி முகூர்த்தத்துல ஒரு காண்ட்ராக்ட் ஐயாகிட்ட நிக்கிறதுன்னு முடிவு. இடம் பல்கலைக்கழகப் பக்கம், ரெண்டு கல்லு. கேஸுக்கு வீட்டு சிலிண்டர் ஒண்ணு உபரியா இருக்கு, அவசரத்துக்கு அதை வச்சுக்கலாமா?

திருநகர் தேக்ஸா எழுதியது:
கூடவே கூடாதும்மா. 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுக்கு மட்டும், கடையில பார்த்தா தூக்கிட்டுப் போயிருவாங்க, வழக்கும் வரும். 19 கிலோ வணிக சிலிண்டர் ரெண்டு, ஒண்ணு ஓட ஒண்ணு காத்திருக்க. சிலிண்டர் நிமிர்ந்து நிக்கணும், கல்லுக்குப் பக்கத்துல கூடாது, காத்து தரையோட வெளிய போற இடமா இருக்கணும், ஏன்னா இந்த வாயு காத்தை விடக் கனம், பள்ளத்துல போய்த் தேங்கும். கழிவுநீர்க் குழி பக்கத்துல இருந்தா இடத்தை மாத்துங்க. சிலிண்டர் மாத்துற ஒவ்வொரு தடவையும் இணைப்புல சோப்புத் தண்ணி தடவிக் குமிழி வருதான்னு பார்க்கணும், தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற மாஸ்டர்னா அன்னைக்கே கூலியைக் கொடுத்து அனுப்பிருங்க.